எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க அமெரிக்கா தரும் எச்-1பி விசாவில் புதிதாக ஆள் எடுக்க 1 லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் ட்ரம்ப் அறிவித்தது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அமெரிக்கர்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை தெரியாது, அதனால்தான் நம்மவர்களைக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 13 வருடமாக நியூ ஜெர்சியில் இதே விசாவில் இருக்கிறேன். நீங்கள் எழுதியது உண்மையில்லை.

வந்த புதிதில் எனக்கு மூன்று மாதம் கேடி, அதாவது வேலையைக் கைமாற்றிக் கொடுக்கும் பயிற்சி, கொடுத்தவர் ஐம்பது வயது தாண்டிய ஓர் அமெரிக்கர். கம்ப்யூட்டரில் தானாக ஓடும் எந்த பேட்ச் ஜாப் ராத்திரியில் நின்றுபோகும், நின்றால் யாரை எழுப்ப வேண்டும் என்பதுவரை அத்தனை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார், கேடி முடிந்த வெள்ளிக்கிழமைதான் அவருக்கும் கடைசி நாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருக்கா வேலை தெரியாது?

இப்படிச் செய்யக் கூடாது என்று சட்டத்திலேயே ஒரு விதி இருக்கிறது. எச்-1பி ஆட்களை அதிகம் நம்பியிருக்கும் கம்பெனி, அமெரிக்கர்களை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஆள் வைக்கவில்லை என்று உறுதி தர வேண்டும். ஆனால் அந்த ஆளுக்கு வருடம் 60,000 டாலர் சம்பளம் கொடுத்தால் அந்த உறுதியே தேவையில்லை. 1998-இல் போட்ட தொகை அது, இன்றைக்கும் அதேதான். நியூ ஜெர்சி வாடகை தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு சின்னத் தொகை என்று புரியும்.

சரி, எங்கள் பக்கம் என்ன? வேலை போனால் 60 நாளுக்குள் வேறு கம்பெனி எங்களுக்காக விசா மனு போட வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து பாதியில் நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான் என்பதால் இந்தியர்களான எங்கள் வரிசை நகர்வதே இல்லை. அதனால் சனிக்கிழமையும் வா என்றால் போகிறோம், சம்பளம் கூட்டிக் கேட்கப் பயப்படுகிறோம். வாய் திறக்க முடியாத ஆள் இருக்கும்போது, கேள்வி கேட்கிற அமெரிக்கரைக் கம்பெனி ஏன் வைத்துக்கொள்ளப் போகிறது? எங்கள் பயம்தான் அவர் வேலையையும் பறித்தது.

1 லட்சம் டாலர் கட்டணம் இதில் எதையும் தொடவில்லை. பணம் அரசுக்குப் போகிறது, உள்ளே இருக்கிறவனின் பயம் அப்படியே இருக்கிறது. அந்த 60,000-ஐ உயர்த்தட்டும், 60 நாளை ஆறு மாதமாக்கட்டும். அடுத்த முறை எழுதும்போது யாருக்குத் திறமை அதிகம் என்பதை விட்டுவிட்டு இந்த இரண்டு எண்களைப் பற்றி எழுதுங்கள் ஐயா.

இப்படிக்கு,
நியூ ஜெர்சி வாசகன்