அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்தவர்களுக்கு நன்றி

எங்கள் அம்மா எட்டு மாதம் முதுகு நோவுடன் கிடந்தார். நோ எண்ணெய் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம். காட்டிய இடங்களில் எக்ஸ்ரே பார்த்து வயதுத் தேய்மானம் என்றார்கள். இருமல் இல்லை, நெஞ்சுப் படமும் தெளிவு. காசநோய் என்ற நினைப்பே எவருக்கும் வரவில்லை.

முதல் நன்றி, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அம்மாவைப் பார்த்த இளம் பெண் மருத்துவருக்கு. "இரவில் வேர்க்கிறதா அம்மா?" என்று கேட்டவரின் கண், சட்டையின் இரு பக்கமும் குத்தியிருந்த ஊசிகளில் நின்றது. உடம்பு மெலிந்ததை நாங்கள் தினமும் பார்த்தும் காணவில்லை. முள்ளந்தண்டை விரலால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அம்மா துடித்துவிட்டார். அன்றே உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். இரத்தப் பரிசோதனை, அடுத்து எம்.ஆர்.ஐ. ஸ்கான்.

படத்தில் அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகள் அரிக்கப்பட்டிருந்தன. இடையில் மெத்தைபோல இருந்த வட்டும் (டிஸ்க்) சிதைந்து, பக்கத்தில் சீழ் கட்டியிருந்தது. புற்றுநோயோ என்று நாங்கள் அழுதபோது, புற்று பெரும்பாலும் வட்டை விட்டுவைக்கும் என்று படத்தைத் தொட்டுக் காட்டி விளக்கிய கதிரியக்க மருத்துவரே, அன்றிரவு எங்களைத் தூங்கவைத்தவர் நீங்கள்தான்.

ஆனால் முள்ளந்தண்டில் காசநோய் என்ற சந்தேகத்தைத்தான் படம் தரும். உறுதிக்கு எலும்பிலிருந்து ஊசியால் துண்டு எடுக்க வேண்டியிருந்தது. அந்த அறை வாசலில் நின்ற தாதியை நான் மறக்கமாட்டேன். கையில் இரண்டு சிறு போத்தல்கள். ஒன்றில் திசுவைக் கெடாமல் வைக்கும் போர்மலின் திரவம், மற்றதில் வெறும் உப்புநீர். "இரண்டிலும் போட வேண்டும். போர்மலினில் கிருமி செத்துவிடும், பிறகு வளர்த்துப் பார்க்க முடியாது" என்று உள்ளே இருந்தவர்களுக்கு நினைவூட்டியவர் அவரே. எலும்புக் காசத்தில் கிருமிகள் மிகக் குறைவு; கிடைக்கும் துளியை வீணாக்கக்கூடாது என்பதை அன்றுதான் அறிந்தேன். உப்புநீர்ப் போத்தலிலிருந்தே கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பேர்ட் கருவி காசநோய்க் கிருமியைக் கண்டது. காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிபாம்பிசினுக்கு அது கட்டுப்படும் என்றும் காட்டியது. கருவிக்கு ஏறக்குறைய 2 மணி நேரம் போதும். கிருமி வளர்ப்பின் முடிவு வாரக்கணக்கில் கழித்து வந்து அதையே உறுதிசெய்தது. ஆய்வுகூடத்தாருக்கு எங்கள் கைகூப்பு.

மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தினருக்கும் கடன்பட்டிருக்கிறோம். 12 மாதக் குளிசைகளுக்கு ஒரு சதமும் வாங்காமல், சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்படவேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னீர்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் அம்மா இரண்டாம் நாளே குளிசையை நிறுத்தியிருப்பார்.

பக்கத்து வீட்டு மாமி, 'சயரோகம்' என்று சிலர் வாசலோடு திரும்பியபோது நீங்கள் உள்ளே வந்து அம்மாவின் கட்டிலிலேயே இருந்து தேநீர் குடித்தீர்கள். நுரையீரலில் நோய் இல்லாததால் தொற்றாது என்று மருத்துவர் சொன்னதை எங்களைவிட உறுதியாக நம்பியவர் நீங்கள். முதுகு சாய்க்க நீங்கள் தந்த மரக்கதிரை இன்னும் எங்கள் விறாந்தையில்தான் இருக்கிறது. இப்போது அம்மா அதில் நிமிர்ந்திருந்து கீரை ஆய்கிறார். மருந்து முடிந்ததும் உங்கள் வீட்டுக்குத் தானே நடந்து வந்து நன்றி சொல்வாராம்.