இரவு பத்து மணிக்கு மேல் திடலில் மைக் வேண்டாம்: வேலூர் ஆட்சியருக்கு ஒரு மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், வேலூர்

பொருள்: காட்பாடியில் வீடுகளுக்கு நடுவே உள்ள பொது விளையாட்டுத் திடலின் இரவுச் சத்தம் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

திடலை மூடச் சொல்லி நாங்கள் வரவில்லை. எங்கள் பிள்ளைகளும் அங்கேதான் விளையாடுகிறார்கள். வேலூர் வெயிலில் பகலில் மட்டையைத் தொட முடியாது, பொழுது சாய்ந்த பிறகுதான் பையன்கள் இறங்க முடியும். ஒன்பதரை, பத்து வரை பந்து சத்தம் கேட்டால் எங்கள் தெருவில் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்.

அதற்கு அப்புறம்தான் தாங்க முடியவில்லை. சனி, ஞாயிறு ராத்திரிகளில் டென்னிஸ் பந்து டோர்னமென்ட் நடக்கிறது. விளக்குக் கம்பத்தில் கட்டிய ஸ்பீக்கர் நேராக வீடுகளைப் பார்த்தபடி இருக்கிறது, ஒவ்வொரு பந்துக்கும் மைக்கில் வர்ணனை, சிக்ஸர் போனால் ஒரு பாட்டு, விக்கெட் விழுந்தால் இன்னொரு பாட்டு, பைனல் முடியவே மணி ஒன்று ஆகிவிடும், அதற்கு மேல் பரிசளிப்பும் பட்டாசும். கோடையில் புழுக்கம் தாங்காமல் மொட்டை மாடியில் பாய் விரிக்கிற ஊர் இது, ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள் என்றால் எப்படி? எங்கள் மாடியில் குடியிருக்கும் செவிலியர் விடியற்காலை ஐந்து மணிக்கே டியூட்டிக்குக் கிளம்புகிறவர், மூன்று மணி நேரத் தூக்கத்தோடு போய் நோயாளிக்கு ஊசி போடுகிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், ஒவ்வொரு வெடிக்கும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். பிளஸ் டூ தேர்வு சமயத்தில்கூட நிறுத்தவில்லை.

100-க்கு போன் செய்தால் ரோந்து வண்டி வருகிறது, சத்தம் குறைகிறது, வண்டி தெருமுனை தாண்டியதும் பழையபடிதான். போட்டி நடத்துகிறவர்களிடம் நேரில் போய்க் கேட்டோம். "பசங்க நல்ல வழியில இருக்கிறது உங்களுக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டார்கள். அது ரொம்ப வலித்தது.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தெளிவாக இருக்கின்றன. எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது, திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை அதைப் போடக் கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும்தான் வரம்பு.

நாங்கள் கேட்பது பெரிய செலவு இல்லை. திடல் விளக்குகளுக்கு டைமர் சுவிட்ச் போட்டு 10 மணிக்குத் தானாக அணையும்படி செய்யுங்கள். வெளிச்சம் போனால் ஆட்டமும் மைக்கும் தானே நிற்கும், யாரும் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. போட்டிக்கு அனுமதி தரும்போதே முடியும் நேரத்தை எழுதிக் கொடுங்கள், ஸ்பீக்கரை வீடுகளின் பக்கம் திருப்பக் கூடாது என்பதையும் அதிலேயே சேருங்கள். புகார் சொல்ல வேண்டிய அதிகாரியின் எண்ணை வாசலில் எழுதி வைத்தால் நல்லது.

வரும் சனிக்கிழமை இரவு 11 மணிக்கு, ஒலி அளவிடும் கருவியோடு ஒருவரை முன்கூட்டிச் சொல்லாமல் எங்கள் தெருவுக்கு அனுப்புங்கள். எந்த மாடியில் நின்று அளந்தாலும் சரி, கதவைத் திறந்து வைத்திருப்போம்.

இப்படிக்கு,
திடலை ஒட்டிய தெருக்களில் குடியிருப்போர், காட்பாடி