ஆபரேஷன் தேதியோடு அடுத்த தேதியையும் குறித்துக் கொடுங்கள்

வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை செய்யும் மருத்துவர்களுக்கும், அந்தப் பிரிவுகளை நடத்தும் மருத்துவமனை நிர்வாகங்களுக்கும்

வணக்கம்.

என் அம்மாவுக்குக் கன்னத்தின் உட்பக்கம் புற்றுநோய். முப்பது வருஷத்துக்கு மேல் வெற்றிலையோடு புகையிலையையும் சேர்த்து அந்தக் கன்னத்தில்தான் அதக்கி வைத்திருப்பார். களையெடுக்கப் போகும்போது இடுப்பில் சுருக்குப்பை இல்லாமல் அவரைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை.

ஆபரேஷன் எட்டு மணி நேரம் நடந்தது. கன்னத்தையும் கீழ்த்தாடை எலும்பில் ஒரு பகுதியையும் கழுத்து நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) எடுத்துவிட்டு, மார்பிலிருந்து சதையைத் திருப்பிக்கொண்டு வந்து ஓட்டையை மூடினார்கள். இன்றைக்கும் அந்தக் கைகளைக் கும்பிடுகிறேன். வெளியே வந்த டாக்டர், “கட்டியை முழுசா எடுத்தாச்சு” என்றார். பன்னிரண்டாம் நாள் மூக்கில் டியூபோடு வீட்டுக்கு வந்தோம். சின்னம்மா குலசாமிக்குக் கிடா வெட்ட நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நோய் முடிந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

பதினெட்டாம் நாள் சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றபடியே படித்தேன். நான்கு பக்கம் இங்கிலீஷ். மூன்றாம் பக்கத்தில், ஒரு நெறியின் உறையைத் தாண்டி நோய் வெளியே பரவியிருக்கிறது என்று ஒரு வரி. அதைப் படித்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அன்றைக்கு ஓபியில் நூறு பேராவது இருந்திருப்பார்கள். ரிப்போர்ட்டைப் புரட்டிய டாக்டர், “ரேடியேஷன் பிரிவுக்கு அனுப்புக” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான்.

அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்பது 2004ஆம் ஆண்டிலிருந்தே உங்களுக்குத் தெரியும். அந்த வருஷம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் சேர்ந்தே வந்தன. ஆபரேஷனுக்குப் பிறகு ரேடியேஷன் மட்டும் வைப்பதா, கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தையும் கொடுப்பதா என்பதுதான் இரண்டிலும் கேள்வி. இரண்டையும் பிறகு சேர்த்து அலசிப் பார்த்தபோது, நெறியின் உறை உடைந்தவர்களுக்கும், வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சம் இருந்தவர்களுக்கும் மருந்து சேர்த்ததால் தெளிவான பலன் தெரிந்தது. அதாவது அம்மா மாதிரியானவர்களுக்கு ஆபரேஷன், ரேடியேஷன், கீமோ மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு வைத்தியம். எங்களுக்கு அது மூன்று வெவ்வேறு கட்டிடங்களில், மூன்று வெவ்வேறு வரிசைகளாக வந்து சேர்ந்தது.

ரேடியேஷன் பிரிவில் முதல் கேள்வியே “பல் டாக்டர்கிட்ட காட்டியாச்சா?” என்பதுதான். அம்மாவுக்கு ஆறு பல் சொத்தை. கரண்ட் (ரேடியேஷனைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்) வைத்த தாடையில் பிற்பாடு பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப் போகக்கூடும், அதனால் முன்னாடியே பிடுங்கியாக வேண்டும் என்றார்கள். நியாயம்தான். பிடுங்கிய இடம் ஆற இரண்டு வாரம். ஆனால் எட்டு மணி நேரம் மயக்கத்தில் அந்த வாய் திறந்துதானே கிடந்தது? பல் பிரிவு அடுத்த கட்டிடத்தில்தானே இருக்கிறது? அன்றைக்கே, அந்த மேஜையிலேயே பிடுங்கியிருக்கலாமே! இதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அப்புறம் ரேடியேஷனின்போது தலை அசையாமல் இருக்க முகத்துக்கு மாஸ்க் செய்ய ஒரு நாள், ஸ்கேனுக்கு ஒரு நாள். ஆபரேஷனுக்கு வாங்கிய காப்பீட்டு அனுமதி ரேடியேஷனுக்குச் செல்லாது என்று அதற்குத் தனியாக அலைச்சல். எல்லாம் கூடி வந்தபோது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் கூடுதலாக இருந்தது. டியூப் வழியாகக் கஞ்சி கொடுத்தோமே தவிர, தண்ணீர் எவ்வளவு போக வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் மருந்து என்பதால் இன்னும் ஒரு வாரம் காத்திருந்தோம். ஆபரேஷனிலிருந்து சுமார் ஆறு வாரத்துக்குள் ரேடியேஷன் தொடங்க வேண்டும் என்பது நீங்கள் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. அம்மாவுக்குத் தொடங்கியது எழுபத்தொன்றாம் நாள்.

அங்கே இருந்த ஓர் இளம் டாக்டரம்மாதான் எங்களை முதன்முதலாக உட்காரச் சொன்னவர். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார். “இது நெறி.” வட்டத்தை உடைத்துக்கொண்டு ஒரு கோடு இழுத்தார். “நோய் தோலைக் கிழிச்சிட்டு இப்படி வெளிய வந்திருக்கு. அதான் கரண்ட்டோட மருந்தும் வேணும்.” இரண்டு நிமிஷம்தான் ஆகியிருக்கும். “கட்டியைத்தான் எடுத்தாச்சே, இன்னும் எதுக்கு?” என்று அதுவரை முரண்டு பிடித்த அம்மா, அந்தச் சீட்டை வாங்கிச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை வீதம் மூன்று ஊசி என்று திட்டம். இரண்டாவதுக்குப் பிறகு காதில் ஓயாத இரைச்சல். மூன்றாவதை நிறுத்திவிட்டார்கள். முன்னாடி காது பரிசோதனை எதுவும் செய்யாததால், ஏற்கெனவே எவ்வளவு கேட்டது, மருந்தால் எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

பதினோராம் மாதம் கழுத்தில் மறுபடியும் கட்டி வந்தது. அடுத்த ஐந்து மாதத்தில் அம்மா போய்விட்டார். தாமதத்தால்தான் போனார் என்று நான் சொல்லவில்லை, எல்லாம் நாள் தவறாமல் நடந்தும் நோய் திரும்பியவர்கள் உண்டு. ஆனால் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய வாய்ப்பு முழுசாகக் கிடைக்கவில்லை.

உங்களிடம் அறிவுக்கோ ஆய்வுக்கோ குறைச்சல் இல்லை. சிஸ்பிளாட்டினை எப்படிக் கொடுப்பது என்பதற்கே நம் நாட்டிலிருந்து பெரிய ஆய்வுகள் வந்திருக்கின்றன. உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு வாரம் 30 மில்லிகிராமா, மூன்று வாரத்துக்கு ஒரு முறை 100 மில்லிகிராமா என்று மும்பை டாடா மருத்துவமனை 300 பேரிடம் ஒப்பிட்டு 2018இல் முடிவைச் சொன்னது. அவர்களில் பெரும்பாலானவர்கள் ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள். இரண்டு வருஷம் நோய் அதே இடத்தில் திரும்பாமல் இருந்தவர்கள் வார ஊசியில் 58.5 சதவீதம், மூன்று வார ஊசியில் 73.1 சதவீதம். வாரம் 40 என்று கொடுத்தால் மூன்று வார முறைக்குக் குறைவில்லை என்று பிறகு ஜப்பானில் நிரூபித்தார்கள். சிஸ்பிளாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ரேடியேஷனோடு டோசிடாக்செல் என்ற வேறொரு கீமோ மருந்தைக் கொடுத்ததில், இரண்டு வருஷம் நோயில்லாமல் இருந்தவர்கள் 30.3 சதவீதத்திலிருந்து 42 ஆக உயர்ந்தார்கள் என்பதும் டாடாவின் ஆய்வுதான். இத்தனையும் தெரிந்த துறையில் ஒரு நோயாளி பல் பிரிவுக்கும் ரேடியேஷன் பிரிவுக்கும் நடுவில் நாள்களைத் தொலைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்கு இடம் கிடைக்கும் வரை சும்மா இருப்பானேன் என்று முதலில் இரண்டு கீமோ போட்டு அனுப்பும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படி வந்தவர்களை வார்டில் பார்த்தேன். எடுக்கவே முடியாத அளவுக்குப் பரவிய கட்டியைச் சுருக்கி ஆபரேஷனுக்குக் கொண்டுவர முயல்வது வேறு. டாடாவில் அப்படி மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 43 பேருக்குக் கட்டி அந்த அளவுக்குச் சுருங்கியது. ஆனால் எடுக்கக்கூடிய வாய்ப் புற்றுக்கு முன்கூட்டியே கீமோ கொடுத்ததில் ஆயுள் கூடவில்லை என்று ஆய்வுகள் சொல்லிவிட்டன. தியேட்டரில் இடம் இல்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். வேறு எங்கே போகலாம் என்று விசாரிக்கவாவது எங்களுக்கு நேரம் கிடைக்கும்.

நான் கேட்பதற்குப் புது மெஷினோ பெரிய பணமோ வேண்டாம். கத்தி வைப்பதற்கு முன்பே ரேடியேஷன் டாக்டரும் கீமோ டாக்டரும் பல் டாக்டரும் ஒரு தடவை நோயாளியைச் சேர்ந்து பார்க்கட்டும். காதையும் சிறுநீரகத்தையும் அப்போதே சோதித்து வையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் தையல் பிரிக்கும் தேதிக்குக் கீழே ரேடியேஷன் பிரிவுக்கு வர வேண்டிய தேதியையும் எழுதுங்கள். காப்பீட்டுக் கவுண்டரில் இருப்பவருக்கும் அந்தத் தேதி தெரிந்திருக்கட்டும். ரிப்போர்ட் வந்த அன்றைக்கு யாராவது ஒருவர், டாக்டரே ஆனாலும் சரி, நர்ஸ் ஆனாலும் சரி, ஒரு வட்டம் போட்டுத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள்.

எங்கள் தெரு டெய்லர் அண்ணனுக்கு நாக்கில் புற்று. வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன். நேற்றுப் போய்ப் பார்த்தபோது, “பல் டாக்டர்கிட்ட காட்டச் சொன்னாங்களாண்ணா?” என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். திங்கட்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது.