கையெழுத்து கேட்ட கமிட்டி பெரியவங்களுக்கு ஒரு திறந்த மடல்

தலைவருக்கும் கமிட்டி அங்கிள்மாருக்கும் வணக்கம்.

கோயில் பேரை எழுதல, பினாங்குல இருக்கவங்களுக்கு எப்படியும் தெரிஞ்சிரும். நான் யாருன்னும் உங்களுக்குத் தெரியும், வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கிற அக்காதான். அப்பாமார் கையெழுத்து இல்லாம கல்யாணத்தப் பதிய முடியாதுன்னு நீங்க திருப்பி அனுப்பின அந்த ரெண்டு பிள்ளைங்களப் பத்திதான் எழுதுறேன்.

அவங்க ரெண்டு குடும்பத்து சண்டை எதுல ஆரம்பிச்சதுன்னு இப்ப கேட்டா ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க. திருவிழாவுல யாருக்கு முதல் மாலைன்னு ஆரம்பிச்சு, கமிட்டி எலெக்‌ஷன்ல முத்தி, போலீஸ் ரிப்போட் வரைக்கும் போயி, கடைசியில தைப்பூசத்துக்கு ஒரே ரோட்ல ரெண்டு தண்ணீர்ப்பந்தல், ரெண்டு ஸ்பீக்கர், நடுவுல காவடி எடுக்கிறவனுக்குக் காது கிழியும். முருகன் கோயில் இருக்க தண்ணீர்மலைக்குப் போற தேரே 2017லேர்ந்து தங்கம் ஒண்ணு வெள்ளி ஒண்ணுன்னு ரெண்டாச்சு, அதுங்களாச்சும் ஒரே மலைப் பக்கம்தான் போகுது, இவங்க ஒருத்தர் பந்தல்ல ஒருத்தர் மோர் கூட வாங்க மாட்டாங்க.

அந்தப் பந்தல்லதான் பிள்ளைங்க பழகுச்சுங்க. ஐஸ் தீந்து போச்சுன்னு பையன் எதிர்ப்பந்தலுக்கு வாளியத் தூக்கிட்டு வந்தான், அந்தப் பொண்ணு யாருக்கும் தெரியாம அள்ளிக் கொடுத்துச்சு, பக்கத்துல நின்ன எனக்கு மட்டும் தெரியும்.

நாலு வருசம் கழிச்சு உங்க ஆபீசுக்குதான் வந்தாங்க, ஓடிப்போகல. நம்ம கோயில்லயே கல்யாணப் பதிவுக்கு பெர்மிட் உள்ள அங்கிள் இருக்காரு, அவர் முன்னாடி கையெழுத்து போட்டா சாமி சாட்சியா இருக்கும்னு ஆசை. சட்டத்துக்கு ரெண்டு சாட்சி வேணும், அதுல ஒண்ணு நான். பையனுக்கு 23, பொண்ணுக்கு 22. ஐசிய (அடையாள அட்டைய) வாங்கிப் பாத்துட்டு ‘ரெண்டு அப்பாவும் வந்து சைன் போடட்டும், அப்புறம் பாக்கலாம்’னு சொன்னீங்க. நானும்தான் கூமுட்டை மாதிரி பொறுமையா இருங்கடான்னு கூட்டிட்டு வந்தேன். வீடு போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டு வீட்டுக்கும் யாரோ போன் அடிச்சிட்டீங்க.

எல்லாம் முடிஞ்சப்புறம்தான் ஜேபிஎன் (தேசியப் பதிவு இலாகா) கவுண்டர்ல போய் கேட்டேன். மலேசியாவுல முஸ்லிம் அல்லாதவங்க கல்யாணத்துக்கு 1976ல போட்ட சட்டம், 1982 மார்ச்லேர்ந்து நடப்புல இருக்கு. 21 வயசு ஆகாதவங்களுக்குதான் அப்பா சம்மதம் எழுத்துல வேணும், அதையும் அவர் நியாயமில்லாம மறுத்தா கோர்ட் கொடுக்கலாம். 21 ஆயிட்டா யார் கையெழுத்தும் வேணாம், பேரை எழுதி 21 நாள் நோட்டீஸ் ஒட்டுறாங்க, ஆட்சேபணை இல்லன்னா முடிஞ்சது. இது பெர்மிட் வச்சிருக்க அங்கிளுக்குத் தெரியாதா? தெரியலன்னா பெர்மிட் எதுக்கு, தெரிஞ்சும் கேட்டீங்கன்னா அத நான் என்னன்னு சொல்றது.

பொண்ண கிள்ளான்ல அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பையன் இங்க பிறைல இருக்க ஃபேக்டரில நைட் ஷிஃப்ட் முடிச்சு, தூங்காம மோட்டார எடுத்துக்கிட்டு ஹைவேல முன்னூத்தம்பது கிலோமீட்டர் போவான், அந்த வீட்டு எதிர்ல ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில தே தாரிக் டீ குடிச்சிட்டு அவ ஜன்னல்ல வந்தா பாத்துட்டுத் திரும்புவான். மூணு தடவை போய் வந்தான். நாலாவது தடவை ஈப்போ தாண்டி, மழை, லாரி.

விதின்னு சொல்றீங்க. நம்ம நாட்டு ரோட்ல சாவுறவங்கள்ல பாதிக்கு மேல மோட்டார்காரங்கதான், அது சரி, ஆனா அன்னிக்கு அவனுக்கு அந்த ரோட்ல என்ன வேலை?

சாவு வீட்டுல நின்னுக்கிட்டு, பொண்ண ஒரு தடவை முகம் பாக்க விடுங்கன்னு கெஞ்சினேன். உங்கள்ல ஒருத்தர்தான் ‘அவ யாரு அவனுக்கு?’ன்னு கேட்டாரு. பதில் சொல்ல என்கிட்ட வார்த்தை இல்ல. சர்ட்டிஃபிகேட் இருந்திருந்தா அந்தக் கேள்விய நீங்க கேட்டிருக்க முடியாது, அவ பொண்டாட்டி, முதல் ஆளா உள்ள வந்திருப்பா. அந்தக் காகிதத்தத்தானே தரமாட்டேன்னீங்க.

குடும்பங்களுக்கு நான் எழுதல, அவங்க சண்டை அவங்களோட. உங்களக் கேக்கிறது ரெண்டே விசயம்தான். 21 வயசு ஆனவங்களுக்கு அப்பா அம்மா கையெழுத்து தேவையில்லன்னு தமிழ்ல பெருசா எழுதி ஆபீஸ் கதவுல ஒட்டுங்க. பதிவுக்கு வர்ற பிள்ளைங்க பேர்ல யாரும் வீட்டுக்கு போன் அடிக்கக் கூடாதுன்னு மினிட்ஸ்ல எழுதுங்க.

அடுத்த மீட்டிங்ல இந்த லெட்டரப் படிக்கலன்னா ஐம்பது காப்பி எடுத்து செருப்பு விடுற இடத்துல நானே ஒட்டுவேன். கிழிச்சா திரும்ப ஒட்டுவேன், அந்தப் பக்கமா வந்துதானே வெங்காயம் உரிக்கப் போறேன்.