பாப்பா தலைப்பிரசவத்துக்கு வரட்டும்

மிசிசாகா, கனடா,
பிப்ரவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாமாவுக்கு முட்டி வலி குறைந்ததா? காலையில் காரை மூடிக்கிடக்கும் பனியை வழித்துத் தள்ளிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன். பதினைந்து வருஷமாகியும் இந்தக் குளிர் எனக்குப் பழகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுததிலிருந்து மனசு கேட்கவில்லை. "பாப்பா தலைப்பிரசவத்துக்குச் சேலத்துக்கு வந்தா குழந்தைக்குக் கனடா குடியுரிமை கிடைக்காதாமே, பக்கத்து வீட்டுக்காரர் சொல்றார்" என்றாய். கிடைக்கும் அக்கா. யார் சொன்னாலும் நம்பாதே. இதில் அடிபட்டுத் தெரிந்துகொண்டவன் சொல்கிறேன்.

பெற்றோரில் ஒருவர், குழந்தை பிறக்கும் நாளில் கனடாக் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான். அந்தக் குடியுரிமை அவருக்கு இங்கே பிறந்ததால் வந்ததா, என்னைப்போலக் குடியேறி உறுதிமொழி எடுத்து வந்ததா என்பது பிரச்சினையே இல்லை. பாப்பாவும் மாப்பிள்ளையும் போன வருஷமே உறுதிமொழி எடுத்துவிட்டார்கள். குழந்தை ஆடியில், சேலத்தில் பிறந்தாலும் பிறந்த நிமிஷத்திலிருந்தே கனடாக் குடிதான்.

என் பிள்ளைகளையே எடுத்துக்கொள். இரண்டும் சேலத்தில், ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்தவை. பெரியவன் பிறந்தது 2010இல். நான் உறுதிமொழி எடுத்தது 2016இல். அப்பன் குடிமகன் ஆனதால் பிள்ளையும் தானாக ஆகிவிடுவான் என்று நினைத்திருந்தேன். இல்லை. அவனுக்குத் தனியாக விண்ணப்பம் போட்டுத்தான் வாங்கினோம். சின்னவள் பிறந்தது 2018இல். அவளுக்கு விண்ணப்பித்தது குடியுரிமை வாங்க அல்ல. ஏற்கெனவே இருப்பதற்குச் சான்றிதழ் வாங்க.

அந்த உறுதிமொழி நாளை உன்னிடம் நான் சரியாகச் சொன்னதே இல்லை. கூடம் நிறைய எத்தனையோ நாட்டு ஜனங்கள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னோம். எல்லோரும் கை தட்டினார்கள், எனக்கு மட்டும் தொண்டை அடைத்தது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை நாமாக வாங்கினால் 1955ஆம் வருஷச் சட்டப்படி நம் குடியுரிமை அன்றோடு போய்விடுகிறது. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, ரத்து முத்திரையோடு திரும்ப வாங்கி வைத்திருக்கிறேன். அப்பா கூட வந்து எடுத்துக்கொடுத்த பாஸ்போர்ட் அது. அதைத் தூக்கிப்போட மனசு வராது.

இதையும் நீ தெரிந்துகொள். பாப்பா, மாப்பிள்ளை இருவருமே இப்போது இந்தியக் குடிமக்கள் இல்லை என்பதால், சேலத்தில் பிறந்தாலும் உன் பேரக்குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை கிடையாது. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறப்பவர்களுக்குச் சட்டம் அப்படித்தான். பிறகு ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடிகளான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் அட்டை, வாங்கிக்கொள்ளலாம். விசா இல்லாமல் வந்து போகலாம், ஓட்டுப் போட முடியாது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் விலைக்கு வாங்கவும் முடியாது. அப்பா விட்டுப்போன தோட்டத்தில் உன் பங்கை உயிலாக எழுதினால் பாப்பாவுக்குச் சேரும். அவசரப்பட்டுத் தானப் பத்திரம் மட்டும் எழுதிவிடாதே. விவசாய நிலத்துக்கு அது செல்லாது. வக்கீலிடம் கேட்டுக்கொள்.

போன டிசம்பர் 15இல் கனடாவில் வந்த புதுச் சட்டத்தைப் பார்த்துத்தான் உன் பக்கத்து வீட்டுக்காரர் குழம்பியிருக்க வேண்டும். அது அடுத்த தலைமுறைக்கு. வெளிநாட்டில் பிறந்து, பெற்றோர் வழியாகக் குடியுரிமை வந்தவர்கள், தங்கள் குழந்தையையும் வெளிநாட்டில் பெற்றால், அதற்கு முன் 1,095 நாள் கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும். என் சின்னவளுக்கு ஒருநாள் அது பொருந்தலாம். உன் பேரக்குழந்தைக்கும் பொருந்தலாம். பாப்பாவுக்குப் பொருந்தாது, அவள் இங்கே வந்து வாங்கியவள்.

அப்புறம், சான்றிதழ், பாஸ்போர்ட், அங்கிருந்து கிளம்ப அனுமதி எல்லாம் சேர மாதக்கணக்கில் ஆகும். சின்னவளுக்கு அப்படித்தான் ஆனது. அதுவரை பிள்ளை உன் மடியில்தான் இருக்கும். அதில் உனக்கு வருத்தம் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். பெயரைச் சீக்கிரம் முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழில் ஏற்றிவிடு. அப்பா, அம்மா பெயர்கள் அவர்கள் பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துப்படியே இருக்க வேண்டும்; இனிஷியல் மட்டும் போட்டால் போதாது. எங்களுக்கு ஒரு எழுத்து மாறியதால் இரண்டு மாதம் போனது.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்கி வை. ஆணோ பெண்ணோ, சின்னதாக ஒரு ஜோடி. கனடா பாஸ்போர்ட்டில் பிறந்த ஊரை அச்சடிக்கிறார்கள் அக்கா. என்னுடையதில் சேலம் என்றுதான் இருக்கிறது. அந்தக் குழந்தையுடையதிலும் அதுதான் இருக்கும்.

உன் தம்பி