சைகை பாராமல் வந்த பந்து

அன்புள்ள கீப்பருக்கு,

இங்கு அனைவரும் நலம். தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்திற்குப் பங்குனி பிறந்தும் பதில் போடாததற்கு நான் சமாதானம் எதுவும் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் நீ நம்பமாட்டாய். இப்போது எழுதுவதற்குக் காரணம், இரண்டு வாரமாக என்னைத் தூங்கவிடாத ஒரு பேஸ்பால்காரர். சிரித்து முடித்துவிட்டுப் படி.

மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்பது அவர் பெயர். ஒகாயோ மாநிலத்தில் 1856இல் பிறந்து, ஓபர்லின் கல்லூரியில் படித்த கறுப்பினத்தவர். அன்றைய பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் அசோசியேஷனில் டொலிடோ அணி சேர்ந்த 1884ஆம் ஆண்டில், அதன் கேட்சராக, அதாவது கிரிக்கெட்டில் நீ பார்த்த கீப்பர் வேலையைப் பார்ப்பவராக, மே 1 அன்று களமிறங்கினார். அந்த ஒரு பருவத்தில் 42 ஆட்டங்கள், .263 பேட்டிங் சராசரி. பெரிய லீக்கில் அவர் ஆடியது அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய ஆண்டு, சிகாகோ அணியின் ஆன்சன், இவர் இருந்தால் ஆடமாட்டேன் என்று முரண்டு பிடித்தார். கை வலியால் அன்று ஓய்வெடுக்க வேண்டியிருந்த வாக்கரை, டொலிடோ மேலாளர் மார்ட்டன் வேண்டுமென்றே களத்தில் இறக்கினார். நுழைவுக் கட்டணத்தில் தமக்கு வரவேண்டிய பங்கு போய்விடும் என்றதும் ஆன்சனின் கொள்கை இறங்கிவிட்டது.

ஆன்சனாவது எதிரணிக்காரர். என்னை உலுக்கியது சொந்த அணியின் பிட்சரான, அதாவது பந்தெறிபவரான, டோனி முல்லேன். தாம் பந்தெறிந்த கேட்சர்களில் வாக்கரே தலைசிறந்தவர் என்றும், ஆனால் கறுப்பரைப் பிடிக்காததால், எந்தப் பந்தை எறிய வேண்டும் என்று அவர் காட்டும் சைகையைப் பாராமல் தோன்றியதையெல்லாம் எறிந்ததாகவும், பல ஆண்டுகள் கழித்து அவரே ஒப்புக்கொண்டார். இன்றுள்ள தடித்த கையுறை அன்று கிடையாது என்பதை நினைத்துப் பார். சைகை காட்டி ஏமாறுவதைவிடச் சைகையே இல்லாமல் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வருவது வளைபந்தா வேகப்பந்தா என்று தெரியாமலே பருவம் முழுவதும் வாக்கர் பிடித்தாராம். நான் ஸ்கோரர் அல்லவா, எனக்கு உறைத்தது வேறு: நழுவிய பந்து கேட்சர் கணக்கில்தான் ஏறும், சைகையை மதிக்காத பிட்சரின் பெயருக்கு எதிரே ஒரு புள்ளிகூட விழாது.

விலா எலும்பு முறிந்து, அந்தப் பருவம் முடியும் முன்பே அவர் விடுவிக்கப்பட்டார். கறுப்பருக்குப் புதிய ஒப்பந்தம் கிடையாது என்று 1887இல், பெரிய லீக்குக்கு அடுத்த படியிலிருந்த இன்டர்நேஷனல் லீக் வாக்கெடுத்து முடிவு செய்தபோது, அவர் அந்த லீக்கின் நியூவர்க் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். பெரிய லீக்கின் கதவு கறுப்பருக்கு மறுபடி திறக்க, ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின ஆட்டக்காரர் வந்த 1947 வரை ஆயிற்று. கறுப்பர்கள் ஆப்பிரிக்காவுக்கே போய்விடுவது நல்லது என்று வாக்கர் 1908இல் ஒரு சிறுநூல் எழுதினார். இவ்வளவு ஆடியவர் இப்படி எழுதலாமா என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. முல்லேனை மறுபடி படித்தபின் அந்தக் கோபம் நிற்கவில்லை.

துரை லெக் பிரேக் என்று சொல்லிவிட்டு வேகமாக வீசிய அந்தப் பொங்கல் ஆட்டத்தில், உன் தலையில் நான் எழுதிய 11 பை ரன்களில் ஏழை இத்தனை வருடம் கழித்துத் திரும்பப் பெறுகிறேன். மீதி நான்கு உன் தூக்கம், அதில் மாற்றமில்லை.

உன் பழைய ஸ்கோரர்