லார்ட் ஆஃப் த மேனர்னா ஜமீன்தார் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல இங்கிலாந்து பிரபுக்களோட மாளிகைகள் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், படமெல்லாம் ரொம்ப நல்லாருந்துச்சு. ஆனா ‘லார்ட் ஆஃப் த மேனர்’னு வர்ற இடத்துல எல்லாம் ‘ஜமீன்தார்’னு போட்டுட்டீங்க, போதாததுக்கு மேனரும் (அந்த லார்டு கையில இருக்கிற நில உடைமை) பாரிஷும் ஒண்ணுங்கிற மாதிரி ஒரு வரி வேற. ரெண்டுமே தப்புங்க. நான் நாட்டிங்ஹாமுக்கு வேலைக்கு வந்து பதினோரு வருஷமாச்சு, இந்த மேனர் சமாச்சாரத்துல எனக்கு அவ்ளோ ஈடுபாடு, அதான் எழுதாம இருக்க முடியல.

நம்ம ஊர் ஜமீன்தார் யாரு? வங்காளத்துல 1793லயும் மெட்ராஸ் மாகாணத்துல 1802லயும் கிழக்கிந்தியக் கம்பெனி போட்ட சட்டப்படி, குடியானவங்ககிட்ட நிலவாரம் வாங்கி அதுல கம்பெனிக்குப் பேஷ்குஷ், அதாவது வரிப்பணம், கட்டுறவரு, கட்டலன்னா ஜமீனே ஏலத்துக்குப் போயிடும். இங்க மேனர் லார்டு வரி வசூல் பண்ணிக் கட்டுற ஆளே இல்ல. நிலம் அவர் பேர்ல, கூடவே ஊருக்குள்ள கோர்ட் நடத்துற உரிமையும் அவருக்கு. அவரு பிரபுவா இருக்கணும்னு கட்டாயமும் கிடையாது. பாரிஷ்ங்கிறது சர்ச்சோட எல்லை, ஞானஸ்நானம் கல்யாணம் சாவு எல்லாம் 1538ல இருந்து பாரிஷ் ரிஜிஸ்டர்ல ஏறும், மேனர்ங்கிறது நிலத்தோட எல்லை. ஒரே பாரிஷ்ல ரெண்டு மூணு மேனர் இருக்கும், ஒரே மேனர் ரெண்டு பாரிஷ்ல பரந்தும் கிடக்கும்.

இதப் புரிஞ்சுக்க மாளிகைக்குப் போக வேணாம், இதே நாட்டிங்ஹாம்ஷயர்ல இருக்கிற லாக்ஸ்டன் கிராமத்துக்குப் போனா போதும். 1086ல ராஜா எடுக்கச் சொன்ன டூம்ஸ்டேங்கிற நிலக் கணக்குல இந்த ஊர் இருக்கு, டோச்சிங்கிறவர் கையில இருந்தது, பிரான்ஸ் பக்கத்துல இருந்து நார்மன்காரங்க வந்து இங்கிலாந்தப் பிடிச்சப்புறம் ஜெஃப்ரி ஆல்செலின்கிறவர்கிட்ட போயிடுச்சுன்னு எழுதியிருக்கு. ஊருக்கு வடக்கால நார்மன் கோட்டை இருந்த மண்மேடு இன்னும் நிக்குது, சர்ச்ல எவரிங்ஹாம் குடும்பத்தோட சிலைங்க படுத்த நிலையில இருக்கு. அப்புறம் கை மாறி கை மாறி 1600கள்ல சர் வில்லியம் கோர்ட்டன்கிட்ட வந்துச்சு. அவரு யாருன்னா லண்டன் வியாபாரி, ஃப்ளாண்டர்ஸ்ல இருந்து அகதியா வந்த துணிக்காரரோட பையன்! காசு குடுத்து மேனர வாங்கினாரு, லார்டு ஆனாரு, அவ்ளோதான். வாங்கினவர் என்ன வாங்கினோம்னு தெரிஞ்சுக்க 1635ல மார்க் பியர்ஸ்ங்கிற சர்வேயர வெச்சு ஒரு மேப் போட்டாரு பாருங்க, அது இப்ப ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் லைப்ரரில இருக்கு. ஒவ்வொரு நிலத்துண்டும் தனித்தனியா வரைஞ்சு, நடுவுல ஏர் ஓட்டுறவங்க, அறுவடை பண்றவங்கன்னு குட்டிக்குட்டிப் படமும் போட்டிருக்காரு. நம்ம ஊர்ப் பழைய கணக்குல பேரும் புல எண்ணும் மட்டும்தான் இருக்கும், இதுல ஆளுங்களே வேலை செஞ்சுட்டு இருக்காங்க, பார்த்தப்ப எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

ஆனா லாக்ஸ்டனோட பெருமை அந்த மேப்போட முடிஞ்சுடல. மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல்னு மூணு பெரிய வயல், நடுவுல வேலி கிடையாது, ஒவ்வொருத்தருக்கும் மூணுலயும் நீளநீளமா பட்டை பட்டையா நிலம். ஒரு வருஷம் கோதுமை, அடுத்த வருஷம் வேற பயிர், மூணாவது வருஷம் தரிசு. இங்கிலாந்துல பல இடத்துல இப்படித்தான் இருந்துச்சு, பார்லிமென்ட் 5,200க்கும் மேல சட்டம் போட்டு நாட்டுல அஞ்சுல ஒரு பங்கு நிலத்துக்கு வேலி கட்டிடுச்சு, லாக்ஸ்டன்ல மட்டும் அந்த மூணு வயலும் தப்பிச்சுது.

இப்பவும் நவம்பர் கடைசில ஊர் விவசாயிங்க ஜூரியா சேர்ந்து, கோதுமை விதைச்ச வயலுக்கு நடந்தே போய்ப் பாக்குறாங்க. எவராவது பாதையையோ பொதுப் புல்தரையையோ ஏர் விட்டு ஓட்டி உள்ள போயிட்டா (நம்ம ஊர்ல வரப்ப வெட்டுறதுன்னு சொல்லுவோமே அதேதான்) அங்கயே முளை அடிச்சு எல்லை காட்டுவாங்க. ஒரு வாரம் கழிச்சு டவ்கோட் இன்ங்கிற பப்ல மேனர் கோர்ட் கூடும், அபராதம் அங்க உறுதியாகும், அடுத்த வருஷத்துக்குப் புது ஜூரி சத்தியம் எடுத்துக்கும். கோர்ட்ட நடத்துற ஸ்டீவர்டு லார்டோட ஆளுதான், ஆனா யாரு வரம்பு மீறினாங்கன்னு சொல்றது ஊர்க்காரங்க. இத வெறும் ஜமீன் கச்சேரின்னு சொன்னா அந்த ஜூரிக்காரங்களுக்கு நாம பண்ற அநியாயம்னுதான் நான் நினைக்கிறேன். அதுக்காக லார்டெல்லாம் நல்லவங்கன்னு சொல்ல வரல, குடியானவன் செத்தா அவங்கிட்ட இருக்கிறதுலயே நல்ல மாட்ட லார்டு எடுத்துக்கிற வழக்கம் பல மேனர்ல இருந்துச்சு, அதுவும் அதே கோர்ட் ஏட்டுலதான் பதிவாகியிருக்கு.

அந்த ஏட்டுல இருந்து எழுதிக் குடுத்த நகல்தான் குடியானவன் கையில இருந்த பத்திரம், அதனாலதான் அந்த உரிமைக்கே காப்பிஹோல்டுன்னு பேரு. 1926 ஜனவரி 1 அன்னிக்குத்தான் அது ஒழிஞ்சுது. அந்தக் கோர்ட் ஏட்ட 1733 வரைக்கும் பெரும்பாலும் லத்தீன்லதான் எழுதினாங்க, படிக்கக் கஷ்டம்தான். ஆனா எந்த மேனரோட ஏடு எங்க இருக்குன்னு நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ங்கிற அரசு ஆவணக் காப்பகம் ஒரு பட்டியலே வெச்சிருக்கு.

இன்னொண்ணு. லாக்ஸ்டன் பின்னாடி ஏர்ல் (ஒரு பிரபு பட்டம்) மேன்வர்ஸ் குடும்பத்துக்கு வந்து, 1952ல ஆறாவது ஏர்ல் அத விவசாய அமைச்சகத்துக்கு வித்துட்டாரு. 1955ல அவரோட அந்தப் பட்டமே வாரிசு இல்லாம முடிஞ்சு போச்சு, ஆனா மேனரும் கோர்ட்டும் அப்படியே நடந்துச்சு. 1981ல அது அரச குடும்பச் சொத்துகள நிர்வகிக்கிற கிரௌன் எஸ்டேட்டுக்குப் போச்சு, 2020ல திரும்ப அந்த ஏர்ல் வீட்டு தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே வந்துடுச்சு. அமைச்சகத்தப் போய் ஜமீன்தார்னு எப்படிங்க எழுதுவீங்க?

அடுத்த இதழ்ல அந்த வார்த்தைக்கு ஒரு திருத்தம் போடுங்க. ‘மேனர் உடைமையாளர்’னு போடலாம், இல்ல ‘மேனர் லார்டு’ன்னே விட்டுடலாம், நம்ம வாசகர்களுக்குப் புரியும். முடிஞ்சா லாக்ஸ்டன் பத்தி நாலு பக்கம் ஒதுக்குங்க, நவம்பர்ல ஜூரி வயலுக்குப் போற அன்னிக்கு நானே போய்ப் பாத்து எழுதி அனுப்புறேன்.

இப்படிக்கு,
நாட்டிங்ஹாம்ல இருந்து உங்க வாசகர்